நம் ரேகைக்கு யார் காவல்?

(மில் வாயிற் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சாரம்)



மில்லுக்குள் நுழையும்போது இயந்திரத்தில் விரலை வைக்கிறோம். ரேஷன் கடையிலும் வைக்கிறோம். 100 நாள் வேலையில், கூலியாட்களைத் தினம் இருமுறை போட்டோ எடுத்து செல்போன் வழியே அனுப்புவதை 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் பயனாளி வேலைகள் நீங்கலாக மற்ற எல்லா வேலைகளுக்கும் மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. அந்த ரேகையும் போட்டோவும் யார் கையில் இருக்கின்றன? சாவி தொலைந்தால் வேறு பூட்டுப் போடலாம். ரேகை களவு போனால் வேறு விரல் முளைக்குமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆறு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. விவரம் எதற்கென்று சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், தவறைத் திருத்தச் சொல்லி நாம் கேட்கலாம் என்கிறது சட்டம். நல்லதுதான். ஆனால் வேலி போட்டவர்களே அதில் வழியும் விட்டிருக்கிறார்கள்.

வேலை சம்பந்தமான காரியங்களுக்கும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும், தொழிலாளியின் சம்மதமே வேண்டாம் என்கிறது 7வது பிரிவு. பொது ஒழுங்கு, ராஜ்யப் பாதுகாப்பு என்று காரணம் காட்டி, எந்தச் சர்க்கார் ஸ்தாபனத்துக்கும் விலக்களிக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது 17வது பிரிவு. விவரத்தைக் காக்கத் தவறிய கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். அது முழுவதும் சர்க்கார் கஜானாவுக்கே! பாதிக்கப்பட்டவன் நஷ்டஈடு கேட்க வழிசெய்த பழைய 43ஏ பிரிவையும் நீக்க ஏற்பாடு. ஆனால் நம் புகார் பொய் என்று முடிவானால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு!

"இது படித்தவர்கள் விவகாரம், நமக்குக் கூலிதானே பிரச்னை?" என்று சிலர் கேட்கலாம். தோழர்களே, இது கூலிப் பிரச்னையேதான். 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு மஸ்டர் ரோலை ஊர் நடுவே வாசிக்கச் செய்தது. வேலைக்கே வராதவர் பேரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது வெளிப்பட்டது. அத்தகைய போராட்டங்களின் பலன்தான் 2005ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம். இன்று அதன் 8(1)(ஜே) பிரிவை மாற்றி, "தனிநபர் விவரம்" என்ற ஒரே சொல்லால் தகவலை மறுக்க இடம் கொடுத்துவிட்டார்கள். பொதுநலன் கருதி அதிகாரி கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு இருக்கிறதே என்பார்கள். யாருடைய ஊழலைக் கேட்கிறோமோ, அவருடைய இலாகாவே முதலில் பொதுநலனை எடைபோடுமென்றால் நியாயம் கிடைக்குமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது, தகவல் உரிமையை வெட்டும் ஷரத்து உடனே அமலுக்கு வந்தது. நம் விவரங்களைக் காக்கும் முக்கிய ஷரத்துகளுக்கோ 18 மாதத் தவணை!

ஆகவே பார்லிமெண்ட் மெம்பர்களிடம் நாம் கேட்பது இவை: முதலாளிக்குத் தந்த சலுகைக்கு எல்லை கட்டுங்கள். சர்க்காரின் விலக்கைக் கோர்ட்டின் முன் அனுமதிக்கு உட்படுத்துங்கள். பாதிக்கப்பட்டவனுக்கு நஷ்டஈடு கொடுங்கள். பழைய 8(1)(ஜே) பிரிவைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

நம் தொகுதி மெம்பர் ஊருக்கு வரும்போது மகஜரோடு செல்வோம். ஒவ்வொரு மில்லிலும், ஒவ்வொரு சேரியிலும் கையெழுத்து வாங்குவோம். எழுதத் தெரியாதவர் ரேகை வைக்கட்டும். அந்த ரேகை, நாமே சம்மதித்து வைக்கும் ரேகையாக இருக்கட்டும்!