இறக்கையின் திருப்புத்திறன்: கணிப்பும் அளவீடும்



விமான இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தை ஏர்ஃபாயில் என்கிறோம். அதன்மேல் பாயும் காற்று தூக்குவிசையைத் தருகிறது, பின்னுக்கும் இழுக்கிறது. இவற்றோடு, விமானத்தின் மூக்கை மேலேயோ கீழேயோ சாய்க்கும் திருப்புத்திறனையும் உண்டாக்குகிறது. கணினிக் கணிப்பையும் காற்றுச் சுரங்க அளவீட்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் தூக்குவிசை ஒத்துப்போனதும் மனநிறைவு கொண்டுவிடுகிறார்கள். உண்மையான தேர்வு திருப்புத்திறனில்தான் இருக்கிறது என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

தூக்குவிசை, மேற்பரப்பிலும் கீழ்ப்பரப்பிலும் உள்ள அழுத்தங்களின் கூட்டுத்தொகை. முன்பகுதியில் நேர்ந்த பிழையைப் பின்பகுதியில் நேர்ந்த பிழை ஈடுசெய்துவிட்டால் கூட்டுத்தொகை சரியாகவே வரும். திருப்புத்திறனோ அந்த அழுத்தம் எந்த இடத்தில் செயல்படுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்கிறது. முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைக்கும் நேர்கோடான நாணின் கால்பங்குப் புள்ளியைச் சுற்றிக் கணக்கிடும்போது பின்விளிம்பு அதிலிருந்து முக்கால் நாண் தொலைவில் இருக்கிறது. அங்கே நேரும் சிறு அழுத்தப் பிழையும் பெரிதாகத் தெரியும்.

நாகா (NACA) 4412 என்ற ஏர்ஃபாயில் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். மெல்லிய இறக்கைக் கோட்பாட்டின்படி கால்நாண் புள்ளியில் அதன் திருப்புத்திறன் கெழு ஏறத்தாழ -0.106. காற்றுச் சுரங்க அளவீடுகள் -0.09ஐ ஒட்டி நிற்கின்றன. அந்தக் கோட்பாட்டில் காற்றுக்குப் பாகுநிலை கிடையாது. உண்மைக் காற்றில் மேற்பரப்பின் எல்லைப்படலம் பின்விளிம்பை நெருங்க நெருங்கத் தடிக்கிறது. அதனால் இறக்கையின் வளைவு காற்றுக்குக் குறைந்ததுபோல் ஆகி, மூக்கைத் தாழ்த்தும் போக்கும் தணிகிறது.

ஆனால் எல்லா வேறுபாட்டுக்கும் காற்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வெள்ளிக்கோலில் கயிறு ஒரு விரற்கடை நகர்ந்தாலே எடை மாறிவிடும். இங்கும் அப்படித்தான். தூக்குவிசைக் கெழு 1 ஆக இருக்கும்போது, கணிப்பின் ஆதாரப் புள்ளிக்கும் அளவீட்டின் ஆதாரப் புள்ளிக்கும் இடையே நாணில் ஒரு விழுக்காடு விலகல் இருந்தால் போதும், திருப்புத்திறன் கெழு 0.01 மாறிவிடும். மேலே சொன்ன வேறுபாட்டின் பெரும்பகுதிக்கு அது சமம்.

வடிவமும் ஒத்திருக்க வேண்டும். நாகா 0012 என்ற மற்றோர் ஏர்ஃபாயிலுக்கு மூலச் சமன்பாடு தரும் பின்விளிம்பு, நாணில் 0.252 விழுக்காடு தடிமன் கொண்டது. கணிப்பில் பலர் அதைக் கூர்மையாக்கி விடுகிறார்கள். ஓட்டத்தின் தன்மையும் ஒத்திருக்க வேண்டும். நாசாவின் லாங்லி மையத்தில் லாட்சன் செய்து 1988இல் வெளியான 0012 அளவீடுகளைப் பலரும் நாடுவதன் காரணம் இதுவே. ரெனால்டு எண் 60 லட்சம், மாக் எண் 0.15 என்ற நிலையில், முன்விளிம்பருகே துகள் பட்டை ஒட்டி வரிச்சீர் ஓட்டத்தைச் சுழற்சி ஓட்டமாக மாற்றி எடுத்த அளவீடுகளும் அவற்றில் உண்டு. முழுதும் சுழற்சி ஓட்டமாகக் கணிப்பவர் அவற்றோடு ஒப்பிடுவதே முறை.

அளவீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 1981 ஏப்ரலில் கொலம்பியா விண்ணோடம் முதன்முறை புவிக்குத் திரும்பியபோது, மூக்கு எதிர்பார்த்ததைவிட மேல்நோக்கி எழ முனைந்தது. அதைச் சமன்செய்யப் பின்புற மடிப்புத் தட்டை, முன்கணித்த கோணத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு தாழ்த்த வேண்டியதாயிற்று. அதிவெப்பத்தில் காற்று மூலக்கூறுகள் பிளவுபடும் நிலையைத் தரைச் சுரங்கங்கள் முழுமையாகக் காட்டவில்லை. பின்னர் செய்த கணினிக் கணிப்புகளே அதன் பங்கை எடுத்துக்காட்டின.

ஆகவே கணிப்பு, அளவீடு இரண்டில் ஒன்றை நீதிபதியாக்க வேண்டாம். இரண்டும் சாட்சிகள். வேறுபாடு தென்பட்டால் முதலில் ஆதாரப் புள்ளி, குறியீட்டு மரபு, வடிவம், ஓட்ட நிலைமாற்றம், சுரங்கச் சுவர்த் திருத்தம் ஆகியவற்றை வரிசையாகச் சரிபாருங்கள். அதன்பிறகே சுழற்சி ஓட்டக் கணிப்பு முறையைக் குறை சொல்லுங்கள்.

மாணவர்களே, உங்கள் ஆய்வேட்டில் தூக்குவிசை வரைபடத்துக்குப் பக்கத்திலேயே திருப்புத்திறன் வரைபடத்தையும் அச்சிடுங்கள். எந்தப் புள்ளியைச் சுற்றிக் கணக்கிட்டீர்கள் என்பதை அதன் கீழ் எழுதுங்கள். ஒத்துப்போகாத புள்ளிகளை ஒருபோதும் நீக்காதீர்கள். விமானத்தின் சமநிலை அந்த எண்ணை நம்பியிருக்கிறது, அதில் பயணிப்போரின் உயிரும் அதை நம்பியிருக்கிறது.