சிறைக் கதவும் ஜூபிலி ஆண்டும்

(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நமது பங்கின் ஜூபிலியை நாம் மகிழ்ச்சியோடு கொண்டாடி வருகிறோம். கோவிலுக்கு வெள்ளையடித்தோம், கொடியேற்றினோம், தேர் இழுத்தோம். எல்லாம் நல்லதே. ஆயினும் ஜூபிலி என்பது எங்கிருந்து வந்தது என்பதையும் இந்நாளில் நினைத்துப் பார்க்க வேண்டும். லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊத வேண்டும். அடிமையாய்ப் போனவன் விடுதலை பெற்று வீடு திரும்ப வேண்டும். இழந்த நிலம் உரியவனிடம் வந்துசேர வேண்டும். இதுவே கடவுள் வகுத்த ஜூபிலி. நம் ஆண்டவரும் நாசரேத்துச் செபக்கூடத்தில் இசையாஸ் ஆகமத்தை விரித்தபோது, சிறைப்பட்டோரின் விடுதலையைத் தம் பணிகளில் ஒன்றாகவே அறிவித்தார். ஆகவே சிறைக் கதவைப் பற்றி நினைக்காத ஜூபிலி எண்ணெயில்லாத விளக்குதான்.

இதை விளங்கிக்கொள்ள ஒரு நாட்டின் வரலாற்றைப் பார்ப்போம். அது பிலிப்பைன்ஸ். ஆசியாவிலேயே கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் நாடு. அங்கே சிறையிட்டவர்களிலும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருந்தார்கள், சிறைப்பட்டவர்களிலும் இருந்தார்கள். அதனால்தான் அந்த வரலாறு நம்மையும் கேள்வி கேட்கிறது.

1972 செப்டம்பரில் அதிபர் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். பத்திரிகைகள் மூடப்பட்டன, பாராளுமன்றம் பூட்டப்பட்டது. ஆட்கொணர்வு மனு செல்லாது என்றாயிற்று. ஒருவரைப் பிடிக்க நீதிபதியின் ஆணை தேவையில்லை. பாதுகாப்புத் துறைத் தலைவரின் கையெழுத்து போதும். எதிர்க்கட்சித் தலைவர்கள், பத்திரிகையாளர்கள், மாணவர்கள், தொழிற்சங்கத்தார், விவசாயிகள் என்று ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டனர். என்ன குற்றம், எத்தனை நாள், எந்த முகாம் என்று வீட்டாருக்குச் சொல்வார் இல்லை. அன்று பலர் இதை வரவேற்றார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. தெருக்கள் அமைதியாயின, திருட்டுப் பயம் குறைந்தது என்று மகிழ்ந்தார்கள். 1973 ஜனவரியில் போதைப்பொருள் வணிகர் ஒருவர் பொதுமக்கள் கண்முன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இனி நாடு திருந்திவிடும் என்று நம்பியவர்களும் உண்டு.

ஆனால் கேள்வி கேட்பாரின்றி ஒருவனைப் பிடிக்கலாம் என்றால், பிடித்தவனை அடிக்கலாம் என்பது தானே வரும். 1975-ஆம் ஆண்டின் இறுதியில் சர்வதேச பொதுமன்னிப்புச் சபையின் தூதுக்குழு அங்கே சென்று 107 கைதிகளைச் சந்தித்தது. அவர்களில் 71 பேர் தாங்கள் சித்திரவதை செய்யப்பட்டதாகக் கூறினார்கள். மின்சாரம் பாய்ச்சினார்கள்; தண்ணீரால் மூச்சை அடைத்தார்கள். ஒரு கொடுமைக்கு அந்நாட்டின் புகழ்பெற்ற சான் ஹுவானிக்கோ பாலத்தின் பெயரையே வைத்திருந்தார்கள். தலை ஒரு கட்டிலிலும் கால்கள் மறு கட்டிலிலுமாக உடலைப் பாலம்போல் நிறுத்துவது; உடல் தொய்ந்தால் அடிப்பது. அரசு பெருமையோடு கட்டிய பாலமும், அதே அரசு இருட்டில் கட்டிய பாலமும் ஒரே பெயரைத் தாங்கின.

அடிக்கலாம் என்றால், அடுத்தது கொல்லலாம் என்பதே. எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ ஐந்து ஆண்டுகள் சிறையில் இருந்தபின், 1977 நவம்பரில் இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தத் தண்டனை நிறைவேற்றப்படவில்லை. ஆனால் 1983 ஆகஸ்ட் 21-ஆம் நாள், வெளிநாட்டிலிருந்து திரும்பிய அவர், இராணுவக் காவலில் இருக்கும்போதே மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். பெயரறியாத ஏழைகள் இரவில் கொண்டுபோகப்பட்டு, காலையில் பிணமாகக் கிடந்தார்கள். இதற்கு மக்கள் வழக்கில் வந்த சொல், மீட்டெடுத்தல் என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல். மீட்பு என்ற சொல்லே கொலைக்குப் பெயராயிற்று!

அன்பர்களே, கைது, அடி, கொலை ஆகிய மூன்றும் தனித்தனிப் பிரச்சனைகள் அல்ல. ஒரே கயிற்றின் மூன்று புரிகள். குற்றம் சாட்டப்பட்டவன் மனிதன் என்பதை மறந்த அந்த நாளிலேயே கயிறு திரிக்கப்படுகிறது.

அப்போது திருச்சபை என்ன செய்தது? அதற்குள்ளும் தயக்கம் இருந்தது. அரசோடு ஒத்துப்போனவர்களும் இருந்தார்கள். ஆனால் 1974-இல் துறவற சபைத் தலைவர்களின் கூட்டமைப்பு, கைதிகளுக்கென்று ஒரு பணிக்குழுவை ஏற்படுத்தியது. அதை நீண்ட காலம் வழிநடத்தியவர் அருட்சகோதரி மரியானி டிமாரானன். 1973-இல் தாமே கைதாகிச் சிறைவாசத்தை அனுபவித்தவர். பணிக்குழுவினர் செய்த வேலை எளியது. முகாம் முகாமாகச் சென்றார்கள். கைதியின் பெயர், பிடித்த நாள், உடலில் கண்ட காயம் ஆகியவற்றை எழுதி வைத்தார்கள். வீட்டாருக்குச் செய்தி சொன்னார்கள். எழுதப்பட்ட பெயரை அழிப்பது எளிதல்ல. பின்னாளில் அந்நாட்டுச் சட்டப்படி அமைந்த குழு, 11,103 பேரை அக்கால மனித உரிமை மீறல்களுக்கு ஆளானவர்களாக ஏற்றுக்கொண்டது.

நீக்ரோஸ் தீவில் நடந்ததையும் கேளுங்கள். கரும்புத் தோட்டக் கூலிகளிடையே, நம் அன்பியங்களைப் போன்ற சிறு சமூகங்களை வளர்த்த குருக்கள் மூவர்மீதும் பொதுநிலைப் பணியாளர் அறுவர்மீதும், 1983-இல் ஒரு நகராட்சித் தலைவரைக் கொன்றதாக வழக்குப் போடப்பட்டது. பிரையன் கோர், நீல் ஓ'பிரையன் என்ற வெளிநாட்டுக் குருக்கள் இருவரும், விசென்டே டங்கான் என்ற உள்நாட்டுக் குருவும் வீட்டுக் காவலில் இருக்கலாம் என்றது அரசு. பொதுநிலையினருக்கோ சிறை. 1984 ஜனவரியில் குருக்கள் மூவரும் தாங்களாகவே பகோலோட் சிறைக்குள் போய், அறுவரோடு சேர்ந்துகொண்டார்கள். மன்னிப்புத் தர அதிபர் முன்வந்தார். குற்றம் செய்யாதவர்களுக்கு மன்னிப்பு எதற்கு என்று மறுத்துவிட்டார்கள். 1984 ஜூலையில் வழக்குத் தள்ளுபடியாயிற்று. வெளிநாட்டுக் குருக்கள் இருவரும் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஆயன் மந்தையோடு இருப்பது என்றால் என்ன என்று ஒரு சிறை அறையே மறையுரை ஆற்றியது.

1986 பெப்ரவரியில் மக்கள் செபமாலையோடு தெருவில் நின்று ஆட்சியை மாற்றினார்கள். 1987-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் மரண தண்டனையை நீக்கியது. ஆனால் குற்றங்கள் பெருகியதாகப் பேச்சு எழுந்ததும் 1993-இல் அது திரும்பி வந்தது. 1999-இல் மீண்டும் உயிர்கள் பறிக்கப்பட்டன. பிறகு 2000-ஆம் ஆண்டு வந்தது. அது மாபெரும் ஜூபிலி ஆண்டு. ஆயர்களின் வேண்டுகோளை ஏற்று, அதிபர் எஸ்ட்ராடா ஜூபிலியை முன்னிட்டு அந்த ஆண்டு மரண தண்டனைகளை நிறுத்திவைத்தார். ஜூபிலி என்ற சொல் ஒரு சிறைக்கூடத்தில் உண்மையாகவே எக்காளமாக ஒலித்தது!

2004-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு கணக்கை வெளியிட்டது. மரண தண்டனை பெற்று மேல் விசாரணைக்கு வந்த 907 பேரில் 651 பேரின் தண்டனை மாற்றப்பட்டோ நீக்கப்பட்டோ இருந்தது. கீழ் நீதிமன்றத் தீர்ப்பு உடனே நிறைவேறியிருந்தால்? புதைகுழியிலிருந்து எவரை அழைத்து வந்து வருத்தம் தெரிவிப்பது? 2006 ஜூனில் மரண தண்டனை மறுபடியும் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. 2016 முதல் போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில், அரசின் கணக்கின்படியே 6,000-க்கு மேற்பட்டோர் காவல்துறை நடவடிக்கைகளில் கொல்லப்பட்டனர். சட்டப் புத்தகத்திலிருந்து தண்டனையை எடுத்தால் போதாது. மக்கள் மனத்திலிருந்தும் எடுக்க வேண்டும்.

"சாமி, கொலைகாரனுக்கு இரக்கம் காட்டினால், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு நியாயம் எங்கே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தத் தாயின் கண்ணீரை மறப்பவன் கிறிஸ்தவன் அல்லன். குற்றவாளி பிடிபட வேண்டும், விசாரணை நடக்க வேண்டும், தண்டனையும் கிடைக்க வேண்டும். அவளுக்கு உதவியும் துணையும் தர வேண்டியது நம் கடமை. ஆனால் இன்னொரு தாயின் பிள்ளையைக் கொன்றால் இவள் பிள்ளை திரும்பி வருவதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சித்திரவதையையும் காரணமற்ற சிறைவைப்பையும் மனித மாண்புக்கு இழுக்கு என்று கண்டித்தது. முற்காலத்தில் பாப்பரசரின் ஆட்சிப் பகுதிகளிலேயே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது உண்டு. அதே திருச்சபை வளர்ந்து, 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வழியாக, மரண தண்டனையை ஏற்க இயலாது என்று மறைக்கல்வி ஏட்டிலேயே திருத்தி எழுதியது. குற்றமற்றவராய் இரவில் பிடிபட்டு, கசையடி பட்டு, மரண தண்டனை அடைந்த ஒருவரைத்தானே நாம் பீடத்தின்மேல் வைத்து வணங்குகிறோம்!

நம் நாட்டுச் சட்டத்திலும் தூக்குத் தண்டனை இருக்கிறது. எனவே இந்த ஜூபிலி நினைவாக மூன்று காரியங்களை மேற்கொள்வோம். முதலாவது, பிடிபட்டவனை அடித்தார்கள், சுட்டார்கள் என்று கேட்டால் கைதட்ட மாட்டோம். "நாலு அடி போட்டால்தான் உண்மை வரும்" என்ற பேச்சை நம் வீடுகளில் விடுவோம். அடிக்குப் பயந்தவன் கேட்பவர் விரும்புவதைச் சொல்வான். உண்மையைச் சொல்வான் என்பது நிச்சயமில்லை. இரண்டாவது, சட்டத்தை அறிந்துகொள்வோம். தடுப்புக் காவல் நீங்கலாக, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதிமுன் நிறுத்த வேண்டும் என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. நம் பங்கில் ஓர் ஏழை பிடிபட்டால், படித்த ஒருவர் அவன் குடும்பத்தோடு நிலையத்துக்குப் போகட்டும். மூன்றாவது, சிறையிலிருப்போரையும் அவர்களால் துன்புற்றோரையும் ஞாயிறு திருப்பலி மன்றாட்டில் சேர்ப்போம். சிறை சென்றவரின் மனைவி மக்களை ஊர் ஒதுக்கிவைக்க விடமாட்டோம்.

இறுதித் தீர்வை நாளில் ஆண்டவர் கேட்கப் போகும் கேள்விகளில், சிறையில் இருந்த தம்மை வந்து பார்த்தோமா என்பதும் ஒன்று. எந்தக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தார் என்று அவர் சொல்லவில்லை. நாமும் அதைக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடாமல், உள்ளே போவோமாக.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.