இயந்திரத்துக்குப் பொய் சொல்லலாமா?
(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையிலே மோட்டார்ப் பந்தய வண்டியைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று முன்வரிசை ஐயாமார் சிலர் புன்னகை புரிவது எங்களுக்குத் தெரிகிறது. ஆனால் மட்டக்குளியிலே கராஜ் வேலையால் அடுப்பெரியும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகவே இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பிறந்த பின்னரே தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்கள் பொன்னாயின. வேகத்தில் ஆசையுள்ளவர்கள் புதியது வாங்க வழியின்றி, இருந்த வண்டிக்கே பலமூட்ட முற்பட்டார்கள். பஞ்சிகாவத்தைக் கடைகளில் பெரிய டர்போவும் பெரிய இஞ்செக்டரும் தேடி அலைந்தார்கள். பொருள் கிடைத்தது, அதைப் பொருத்தியபின் கணினிக்கு என்ன சொல்ல வேண்டுமென்பதுதான் பலருக்குக் கிடைக்கவில்லை.

இஞ்செக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் சிறு குழாய், வேறொன்றுமில்லை. பெற்றோலின் அழுத்தம் மாறாதிருக்க, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு பெற்றோல் உள்ளே போகும். அந்த நேரத்தைக் கணிப்பது இயந்திரக் கணினி. இயந்திரம் நிமிடத்துக்கு 7000 முறை சுழலும்போது இரண்டு சுற்றுகள் சேர்ந்த ஒரு முழு வேலைவட்டத்துக்குக் கிடைப்பது 17 மில்லி விநாடி மாத்திரமே. அதற்குள் போதிய பெற்றோலைக் கொடுக்க முடியாவிட்டால் இஞ்செக்டர் சிறியது என்று பொருள். மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் வண்டிகள் பலவற்றில் தொழிற்சாலை வைத்தது நிமிடத்துக்கு 560 கன சென்றிமீற்றர் பாய்ச்சும் இஞ்செக்டர். அதைக் கழற்றி 1000 வைத்தால், கணினி பழைய கணக்கிலேயே திறக்கும். பெற்றோல் ஏறக்குறைய இரு மடங்காய்க் கொட்டும். வண்டி கரும்புகை கக்கி நின்றுவிடும்.

இங்கேதான் குறுக்குவழிக்காரர் வருகிறார். காற்றளவிக்கும் கணினிக்கும் நடுவே ஒரு சிறு பெட்டியைப் பொருத்தி, வரும் காற்று நூறு பங்கானால் ஐம்பத்தாறு என்று கணினிக்குச் சொல்லிவிடுகிறார். கணினி நம்புகிறது, பெற்றோலைக் குறைக்கிறது, வண்டி ஓடுகிறது. காசை வாங்கிக்கொண்டு அவர் போய்விடுகிறார். ஆனால் அந்தக் காற்றுக் கணக்கு பெற்றோலுக்கு மட்டும் உரியதன்று. தீப்பொறி எப்போது அடிக்கவேண்டுமென்பதையும் கணினி அதை வைத்தே பார்க்கிறது. பாரம் குறைவென்று நம்பிய கணினி பொறியை முந்தி அடிக்கிறது. உண்மையில் உருளைக்குள் இருப்பதோ முழுப் பாரம். பெற்றோல் முறைதவறி வெடிக்கிறது, பிஸ்டன் உடைகிறது. ஜப்பானில் அந்த வண்டிக்கு ஊற்றும் உயர்தரப் பெற்றோலின் ஒக்டேன் பெரும்பாலும் 100. நாம் இங்கே பெரும்பாலும் பெறுவது 92, 95. ஆகவே பொய்யைத் தாங்க நம்மிடம் இடமே இல்லை, அன்பர்களே.

நேர்வழி எது? கணினியின் உள்ளே சென்று, இஞ்செக்டர் மாறிவிட்டதென்று உண்மையைச் சொல்வதே. மடிக்கணினியும் ஒரு கம்பியும் இருந்தால் இந்த வண்டிகளின் பட்டியல்களைத் திறந்து திருத்தலாம். இஞ்செக்டரின் அளவை மாற்றி எழுதுவது ஒரு நிமிட வேலை. கடினமானது அடுத்தது. மின்சாரம் பட்டவுடன் எந்த இஞ்செக்டரும் திறந்துவிடாது. ஒரு சிறு தாமதம் உண்டு. பற்றரி வோல்ற்று குறையக் குறையத் தாமதம் கூடும். இரவில் விளக்கும் விசிறியும் போட்டுச் சந்தியில் நிற்கும்போது 14 வோல்ற்று இறங்கினால், தாமதமும் மாறும். ஒவ்வொரு வோல்ற்றுக்கும் உரிய தாமதத்தை எழுதிவைக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். சும்மா நின்று இயங்கும்போது பெரிய இஞ்செக்டர் பெற்றோல் ஊற்றும் நேரம் ஒரு மில்லி விநாடி என்போம். தாமதத்தில் 0.2 பிழைத்தால் ஐந்திலொரு பங்கு பிழை. முழு வேகத்தில் 14 மில்லி விநாடி திறந்திருக்கும்போது அதே 0.2 நூற்றுக்கு ஒன்றரை கூட இல்லை. எனவேதான் பறக்கும் வண்டி சந்தியில் நின்றவுடன் குலுங்கி அணைகிறது. குலுக்கத்தைக் கண்டு அளவெண்ணை மாற்றுபவர் நோயை விட்டுக் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிறார்.

பிறகு அகலப்பட்டை ஒட்சிசன் உணரியைப் புகைக்குழாயில் பொருத்திப் பார்க்க வேண்டும். சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று. டர்போ முழுப் பலம் தரும்போது 11க்கும் 12க்கும் இடையே. காதால் கேட்டுச் சொல்லும் பழைய பாஸ்மாரை நாங்கள் வணங்குகிறோம். ஆனால் இந்த எண்ணைக் காது சொல்லாது.

நுவரெலியாவில் மககஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. கொழும்பிலிருந்து அந்த உயரத்துக்கு ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறையும். கார்புரேற்றர் வண்டியானால் ஜெற்றைக் கழற்றி மாற்ற வேண்டும். சரியாக எழுதிய கணினி தானே அறிந்து பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். பொய்ப் பெட்டி வைத்த வண்டியோ மலைக்கு ஒரு பொய், கடற்கரைக்கு இன்னொரு பொய் கேட்கும்!

இன்னொன்று. இந்த வேலையைக் காக்கைத்தீவுத் தெருவில் இரவு பன்னிரண்டு மணிக்குப் பரீட்சிக்க வேண்டாம். முழுப் பலத்தை உருளை மேடையில் பார்க்கலாம். கட்டுக்குறுந்தை ஓடுபாதையில் பார்க்கலாம். 2024 ஏப்ரலில் தியத்தலாவைப் பந்தயத்தில், அனுமதி பெற்ற திடலிலேயே, எழுவர் உயிரிழந்தார்கள். தெருவில் தடுப்புவேலியும் இல்லை.

நம் கராஜ்களில் வேலை பழகும் தம்பிமார் ஸ்பானர் பிடிக்கக் கற்றுவிட்டார்கள். இந்த எண்களைப் பிடிக்க ஒருவரும் கற்பிப்பதில்லை. ஆதலால் சங்க நிர்வாகத்தினரிடம் ஒரு விண்ணப்பம்: ஒரு பழைய மடிக்கணினியும், ஓர் அகலப்பட்டை உணரியும், ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் இந்த மண்டபத்தின் ஒரு மூலையும் தந்துதவுங்கள். பாடம் சொல்ல நாங்கள் வருகிறோம்.