நுவரெலியாத் தபால் கந்தோரும் எங்கள் கடிதங்களும்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பள்ளி நினைவுகளைப் பேசும்படி கேட்டிருந்தார்கள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. ஆகவே நான் வேறொரு கட்டடத்துக்குப் போகிறேன்.

நுவரெலியாவில், விக்டோரியா பூங்காவுக்கு அருகில் நிற்கும் சிவப்புச் செங்கல் தபால் கந்தோரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1894இல் வெள்ளைக்காரர் கட்டியது. மாடியும் மணிக்கூட்டுக் கோபுரமுமாக இருக்கும் அதன் முன் படம் எடுக்காமல் உல்லாசப் பயணிகள் போவதில்லை. எங்களுக்கு அது சந்திக்கும் இடம். சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமை, வேறு வேறு தோட்டத்துச் சொந்தக்காரர் அந்த வாசலில்தான் காத்திருப்பார்கள். கலியாணப் பேச்சும் சாவுச் செய்தியும் அங்கேயே முடிந்துவிடும்.

2023இல் அதை உல்லாச விடுதியாக்கப் போவதாகச் செய்தி வந்தது. தபால் ஊழியர்கள் நவம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றும் அது தபால் கந்தோராகவே இருக்கிறது. எனக்குச் சந்தோஷம். ஆனால் கட்டடத்தைக் காப்பாற்றியதோடு வேலை முடிந்ததா என்று கேட்கிறேன்.

1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்றும் எழுதியது. எங்கள் லயத்தில் எதிர்க் காம்பராக்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. அத்தையும் தலைமன்னாரில் கப்பலேறி, கடைசியில் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு எங்களுக்கு அத்தை என்றால் ஒரு நீல நிறக் கடதாசிதான். அப்பாவுக்கு எழுத்து வராது. நான்தான் வாசித்துக் காட்டுவேன். ஒரே கடிதத்தை மூன்று முறை.

நகரத்துத் தபால் கந்தோர் வரைக்கும் கடிதம் ஒழுங்காக வந்துவிடும். அங்கிருந்து லயத்துக்கு வருவதுதான் பாடு. எங்கள் வீட்டுக்கு விலாசம் இல்லை. தோட்டத்துக் கடிதங்களெல்லாம் ஒரே பையில் தோட்டக் கந்தோருக்குப் போகும். அங்கே யாருக்கு நேரம் கிடைக்கிறதோ அன்றைக்குத்தான் பிரித்துக் கொடுப்பார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிய பிறகு தாதியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் எனக்கு வந்தது. கையில் கிடைத்தபோது நேர்முகப் பரீட்சை நடந்து ஒன்பது நாள். மேசை லாச்சிக்குள் இருந்ததாம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று கொழுந்தெடுக்கவும் போகவில்லை. நான் பிறகு ஆசிரியையானேன். அது வேறு கதை. இங்கே இருக்கும் எத்தனை பேருக்கு இதே கதை இருக்கிறதென்று எனக்குத் தெரியும். இன்றும் தனி விலாசம் இல்லாத லயக் குடும்பங்கள் இருக்கின்றன.

கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இப்போது நூதனசாலை. ஜேம்ஸ் டெயிலரின் பொருள்களும் பழைய இயந்திரங்களும் அங்கே துலக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயத்தில் தொழிலாளர் நூதனசாலையும் உண்டு. கட்டாயம் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். நுவரெலியாத் தபால் கந்தோரிலும் ஓர் அறை கேட்போம் என்பது என் யோசனை. முத்திரை விற்கிற வேலை கீழே நடக்கட்டும். அந்த அறையில் நம் கடிதங்கள் இருக்கட்டும்: மண்டபத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் வந்தவை, பிந்தி வந்தவை, பிரிக்காமல் கிடந்தவை. அறை கேட்கும்போதே வீட்டுக்கு வீடு விலாசத்தையும் சேர்த்துக் கேட்போம். நம் சங்கத்தின் பெயரில் விண்ணப்பம் எழுத நான் ஆயத்தம். ரொறன்ரோவில் இருப்பவர்களும் சென்னையில் இருப்பவர்களும் பெட்டியடியில் தேடிப் பாருங்கள்.

அத்தையின் கடிதம் ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறேன். முதலாவதாக இதைக் கொடுப்பேன். உறையில் அப்பாவின் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன், நுவரெலியா, சிலோன். அவ்வளவுதான். லயத்து இலக்கமோ காம்பரா இலக்கமோ இல்லை.