படை இல்லாத கோஸ்டா ரிக்கா

வடக்கே நிகராகுவா, தென்கிழக்கே பனாமா, இருபுறமும் கடல். சுமார் 51,100 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஏறத்தாழ 50 லட்சம் மக்கள், தலைநகர் சான் ஹோசே. 1821இல் ஸ்பெயினின் பிடியிலிருந்து விடுபட்டு, காப்பியாலும் வாழையாலும் வளர்ந்த நாடு கோஸ்டா ரிக்கா. அதன் வரலாற்றில் 1948 டிசம்பர் 1ஆம் தேதியைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப்போகிறேன். அன்று, அப்போது நாட்டை ஆண்ட ஹோசே ஃபிகரெஸ், சான் ஹோசேயின் பெல்லாவிஸ்டா படைத்தளத்துச் சுவரைச் சம்மட்டியால் அடித்து, நாட்டின் ராணுவத்தைக் கலைப்பதாக அறிவித்தார். அந்தக் கட்டடம் இப்போது தேசிய அருங்காட்சியகம்.

இயல்பிலேயே சாதுவான மக்கள், அதனால் இது நடந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அதை ஏற்க முடியவில்லை. அதே ஆண்டில்தான் தேர்தல் முடிவு ரத்தானதால் உள்நாட்டுப் போர் மூண்டு, 44 நாள் நீடித்தது. சுமார் இரண்டாயிரம் பேர் மாண்டார்கள்; வென்றது ஃபிகரெஸின் தரப்பு. ஃபிகரெஸ் கணக்குப் போட்டே செய்தார், தோற்ற தரப்போடு நின்ற படை அவருக்கு ஆபத்து என்பார்கள் வேறு சிலர். கணக்கு இருந்தது உண்மைதான். ஆனால், கணக்கு மட்டுமே பார்ப்பவர் தனக்கென ஒரு படையை வளர்த்திருப்பார். ஃபிகரெஸோ பதினெட்டு மாதம் ஆண்டபின், ரத்தான அந்தத் தேர்தலில் வென்றிருந்த ஒட்டிலியோ உலாத்தேயிடம் ஆட்சியை ஒப்படைத்தார். படை நிரந்தர அமைப்பாக இருக்கக்கூடாது என்ற விதி, 1949 அரசியலமைப்பின் 12ஆம் பிரிவானது. பெண்களுக்கு வாக்குரிமை தந்ததும் அந்த அரசியலமைப்புதான்.

அமெரிக்கா காப்பாற்றும் என்ற தைரியம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. படையைக் கலைத்த சில நாட்களிலேயே நிகராகுவாவிலிருந்து ஊடுருவல் நடந்தது. அமெரிக்க நாடுகளின் அமைப்பு தலையிட்ட பிறகே அது அடங்கியது. ஆனால் அந்தத் தலையீட்டுக்கு வழிசெய்த பாதுகாப்பு உடன்படிக்கையில் குவாத்தமாலாவும்தான் கையெழுத்திட்டிருந்தது. அது ராணுவத்தையும் வைத்திருந்தது. 1954இல் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு வீழ்ந்தபோது அந்த ராணுவம் அரசின் பக்கம் நிற்கவில்லை. 1960 முதல் 1996 வரை நீண்ட உள்நாட்டுப் போரில் சுமார் இரண்டு லட்சம் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சொந்த நாட்டுப் படையினர் கையால்.

கோஸ்டா ரிக்காவின் கதையில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. மக்களுக்குச் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தை 1941இல் தந்தவர், அப்போதைய அதிபரும் ஃபிகரெஸின் எதிரியுமான கால்டெரோன். வென்றவர் அதை இடிக்கவில்லை. படைக்குப் போயிருக்கக்கூடிய பணம் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் போகும் வழி திறந்தது. இன்று அந்நாட்டினரின் சராசரி ஆயுள் எண்பதை ஒட்டி இருக்கிறது.

எல்லையை யார் காப்பது என்ற கேள்விக்கும் விடை உண்டு. 2010இல் நிகராகுவாப் படையினர் சான் ஹுவான் ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்துக்குள் வந்தபோது, கோஸ்டா ரிக்கா காவலர்களை அனுப்பியது. வழக்கை ஹேகிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2015இல் நிலம் கோஸ்டா ரிக்காவுக்கே உரியது எனத் தீர்ப்பானது. 2018இல் நிகராகுவா இழப்பீட்டையும் கட்டியது.