நிறுத்தி வைத்த காரின் பேட்டரி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



குளிர் நாடுகளில் படுக்கை, சமையலறையோடு கூடிய மோட்டார் ஹோம் வண்டிகளைப் பனிக்காலத்தில் நிறுத்தி வைப்பார்கள். அதற்கு முன் பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, இணைப்பைக் கழற்றிவிடுவார்கள். ஜொகூரில் பனிக்காலம் இல்லை. அந்தப் பழக்கமும் நம்மிடம் இல்லை. ஆனால், வண்டியை மாதக் கணக்கில் நிறுத்தும் நிலை நமக்கும் வருகிறது.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் வேலை செய்த நம்மவர் பலர் அங்கேயே தங்க நேர்ந்தது. எல்லையை முன்புபோல் தரைவழியாகக் கடக்க 2022 ஏப்ரல் 1 வரை காத்திருந்தோம். அத்தனை காலம் வீட்டு வாசலில் நின்ற கார், சாவியைத் திருகியதும் உயிர் பெறுமா?

பெறாது. காரணம் என்ன? காரை அணைத்தாலும் அலாரமும் கடிகாரமும் தூங்குவதில்லை. அவை 50 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 30 நாளில் 36 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய கார் பேட்டரியின் கொள்ளளவே 40 அளவில்தான் இருக்கும்!

அடுத்தது வெப்பம். பேட்டரி சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால், இறங்கும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். ஆகவே, குளிர் நாட்டுக்காரர்களைவிட நமக்குத்தான் கவனம் அதிகம் தேவை. சார்ஜ் இறங்கியபடியே கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு பழைய பலம் திரும்பாது.

தினமும் ஐந்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கிளப்பும்போது செலவான மின்சாரமே அதற்குள் முழுமையாகத் திரும்பாமல் போகலாம். வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள்.

ஊருக்குப் போகிறீர்களா? முழுமையாகச் சார்ஜ் செய்துவிட்டு, எதிர்முனை இணைப்பை முதலில் கழற்றுங்கள். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். வானொலிக்கு ரகசிய எண் உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜ் செய்யும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும்; நெருப்பு கூடாது, ஏனெனில் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். நீர் ஊற்றும் வகை பேட்டரியானால், காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றுங்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நல்ல நிலை, 12.4க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் செய்யுங்கள்.

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. வாசலில் கார் நிற்கிறது என்ற தைரியத்தில்தான் அவர்கள் தூங்குகிறார்கள். நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் முதலில் 999ஐ அழைக்க வேண்டும். ஆனாலும், அந்தக் கார் கிளம்பும் நிலையில் இருப்பது அவர்களுக்குப் பெரிய பலம். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, அப்பாவின் காரை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.