நம் மாடியிலும் ஒரு வட்டத்தொட்டி

(ராயகிரியில் நடந்த நமது குடியிருப்போர் நலச் சங்கப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



மோட்டார் ரிப்பேர், பராமரிப்புத் தொகை பற்றியெல்லாம் செயலாளர் சொல்லிவிட்டார். நான் பேச வந்தது அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு விஷயம்.

போன தேர்தல் சமயத்தில் நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கட்சியில் ஆரம்பித்த பேச்சு சாமியில் போய் நின்றது. அதன்பிறகு, "அரசியல், மதம் பேசக்கூடாது" என்று விதி போட்டோம். குழு அமைதியாகிவிட்டது. ஆனால் இரண்டு வீட்டுக்காரர்கள் இன்றுவரை மாடிப்படியில் எதிரெதிரே வந்தாலும் முகம் பார்ப்பதில்லை. அதில் ஒருவன் நான்தான்.

பேசாமல் இருப்பதுதான் வழியா? நம் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யை நினைத்துப் பாருங்கள். வக்கீலுக்குப் படித்தவர். முதலில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டுத் தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிப் பேசுவார்கள். அதற்கு வட்டத்தொட்டி என்றே பெயர் வந்துவிட்டது. அவர் குற்றாலத்துக்குக் குடிவந்தபோது அந்தப் பேச்சும் கூடவே வந்தது. ராஜாஜி, கல்கி, நீதிபதி மகராஜன், பாஸ்கரத் தொண்டைமான் எல்லாரும் அவருடைய நண்பர்கள்.

அங்கே பெரும்பாலும் கம்பன்தான். ஒரு பாட்டை எடுத்தால் நிதானமாக, திரும்பத் திரும்பச் சொல்லி அனுபவிப்பார் டி.கே.சி. கம்பராமாயணத்தில் பல பாடல்கள் இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கியதைப் பல புலவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவருடைய ரசனையையும் விருந்தோம்பலையும் இன்றும் ஊர் பேசுகிறது. அவர் காலமானது 1954இல்.

இன்னொன்றும் சொல்கிறேன். பெரியார் கடவுள் இல்லை என்றவர். ராஜாஜி கீதைக்கு விளக்கம் எழுதியவர். மேடையில் நீண்டகால எதிரிகள். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, தொண்ணூறு வயதைத் தாண்டிய பெரியார் வந்து கண்ணீர் விட்டார். கொள்கையை இருவருமே விடவில்லை; நட்பையும் விடவில்லை.

ஆகவே ஒரு யோசனை. மாதத்தில் முதல் ஞாயிறு, மாலை ஐந்து மணி, மொட்டை மாடி. அரசியலும் பேசலாம், சாமியும் பேசலாம். மூன்றே நிபந்தனைகள்: செல்போன் வீட்டில் இருக்கட்டும். பேசுகிறவர் முடிக்கும்வரை குறுக்கே பேச வேண்டாம். மறுப்பதற்கு முன், அவர் சொன்னதை அவரே ஆமாம் என்று ஒத்துக்கொள்ளும்படி ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள். இந்த மூன்றாவதை நான் அன்று செய்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

முதல் மாதம் காபி என் செலவு. அழைக்க வேண்டிய முதல் வீடு எது என்று எனக்குத் தெரியும். அந்தக் கதவை நானே போய்த் தட்டுகிறேன்.